தூக்குத் தண்ணீருடன் குன்னூருக்கு

சென்னையில் கார் வாங்குவது பெரிய காரியமே அல்ல. கடன் கொடுப்பதற்கு வங்கிகள் வாசலில் வந்து நிற்கின்றன. வாங்கிய காரை எங்கே நிறுத்துவது, நிறுத்திய இடத்தில் அதன் பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பவைதாம் பெரிய காரியங்கள். அடுக்கு வீட்டில் குடியிருக்கும் நேயர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தனி வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்கவேண்டும்.

நங்கநல்லூரில் ஓர் அடுக்கு வீட்டின் மூன்றாவது மாடியில் நான் வசிக்கிறேன். மொத்தம் 24 குடித்தனங்கள். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே 24 கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கு ஒரு கார் வீதம் அடைத்து வைத்திருக்கிறோம். 17-ஆம் நம்பர் கட்டத்தில் இருப்பது என் கார். வயது 13. என்னிடம் வருவதற்கு முன் இரண்டு பேரிடம் உழைத்துவிட்டு வந்தது. சாம்பல் நிறம் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. வெயில் வேறு ஏதோ சொல்கிறது. ஆனாலும் என் சம்பளத்துக்கும் குணத்துக்கும் பொருத்தமான வண்டி.

இந்த வண்டியில் என் தாயாரை உட்கார வைத்துக் குன்னூருக்குப் போய்வந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். குன்னூருக்கு ஆயிரம் பேர் தினமும் போகிறார்கள், இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். போனது கதையல்ல, அதற்கு முந்திய வருஷம் போக முடியாமல் திரும்பி வந்ததுதான் கதை.

கல்லாற்றில் ஒரு சூடு

அம்மாவுக்கு 74 வயது. குன்னூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 81. அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்து ஐந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தினமும் சாயங்காலம் டெலிபோனில் பேசிக்கொள்வார்கள். ஆனால் டெலிபோனில் பேசுவது வேறு, கையைப் பிடித்துக்கொண்டு பேசுவது வேறு. பஸ்ஸில் ஏற அம்மாவின் முழங்கால் சம்மதிக்காது. மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது லாட்டரிச் சீட்டில் பரிசு விழுவது மாதிரி. கடைசியில், "நம்ம வண்டியிலேயே போயிடலாம், அம்மா" என்று நான்தான் வீரம் பேசினேன்.

மேட்டுப்பாளையம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. பவானியைத் தாண்டி, பாக்குத் தோப்புகளின் நிழலில் கல்லாற்றை அடைந்து, மலை ஏறத் தொடங்கிய சில நிமிஷங்களில் சூட்டைக் காட்டும் முள் மேலே போக ஆரம்பித்தது. நான் அதைப் பார்க்காதது போல் இருந்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைப் படித்தவன் எவனும் செய்யமாட்டான். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கொதிநீர் ஓர் ஆள் உயரத்துக்குச் சீறி எழுந்தது. முகம் தப்பியது தெய்வாதீனம். இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

வண்டி ஆறியபின் மெதுவாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். அங்கே பட்டறையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, "இதை மலைக்குக் கொண்டுபோகாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். பிற்பகலில் சென்னைக்குத் திரும்பினோம். வழி நெடுக அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அக்காளுக்காக வறுத்து இடித்து எடுத்துவந்த பருப்புப் பொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

பச்சைத் தண்ணீர்

ஊர் திரும்பியபின் ஒரு டப்பா பச்சை நிறக் கூலன்ட் வாங்கிவைத்தேன். வாரம் ஒருமுறை மட்டம் குறைந்திருக்கும், கொஞ்சம் ஊற்றுவேன். அடுத்த வாரம் மறுபடியும் குறைந்திருக்கும், மறுபடியும் ஊற்றுவேன். கேள்வி கேட்பது என் தொழில். மந்திரிகளிடமும் நடிகர்களிடமும் கேட்கிறவன், "ஊற்றியதெல்லாம் எங்கே போகிறது?" என்று என் சொந்த வண்டியை மட்டும் கேட்கவில்லை.

இந்த வருஷம் தை பிறந்ததும் பெரியம்மா கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டாள். எலும்பு முறியவில்லை, ஆனால் படுக்கையில் இருந்தாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்னு நினைச்சுக்கிட்டே இருக்கோம், அடுத்த வருஷம் யார் கண்டா?" என்று டெலிபோனில் சொன்னாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவிதான் சொன்னாள்.

மறுநாள் காலை காவல்காரர் படியேறி வந்தார்.

"சார், உங்க வண்டிக்கு அடியிலே பச்சையாத் தண்ணி நிக்குது. பூனை அதை மோந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம பாப்பா விரட்டி விட்டுச்சு."

அவருடைய பெண் குழந்தைக்கு ஆறு வயது. தரைத்தளத்தில் குட்டி போட்டிருந்த பூனைக்கு அவள்தான் தாயும் தகப்பனும். நான் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனேன். போகிற வழியில் கூலன்ட் டப்பாவை எடுத்து, அதன் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதை முதல் தடவையாகப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நேயர்களே, இதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது. கார்களில் ஊற்றும் கூலன்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் கலந்திருக்கிறது. அது தித்திப்பாக இருக்கும். அதனால் நாயும் பூனையும் நக்கிப் பார்க்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். பூனைக்கு ஒரு சில தேக்கரண்டி போதும். மனிதக் குழந்தைக்கும் அது விஷம்தான். ஆறு வயதுப் பெண் விளையாடும் தரையில் வாரக்கணக்கில் நான் விஷம் சொட்ட விட்டிருக்கிறேன்!

அன்று ஒரு கூடை மணலைக் கொட்டி, ஊறவிட்டு, வாரி எடுத்து, தரையைத் துணி போட்டுத் துடைத்தேன். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரியதரிசியின் கட்டளை

துடைத்துக்கொண்டிருக்கும்போது எங்கள் சங்கக் காரியதரிசி வந்து நின்றார். ஓய்வுபெற்ற அரசாங்க எஞ்சினீயர். தரைத்தளத்தில், "வாகனங்களைப் பழுதுபார்த்தல், கழுவுதல் கூடாது" என்று பலகை மாட்டியவர் அவர்தான். அந்தப் பலகையை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

"தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடட்டுமா, சார்?" என்று கேட்டேன்.

"கூடவே கூடாது" என்றார் அவர். என் கையைப் பிடித்து அழைத்துப்போய், மூலையில் இருந்த இரும்பு மூடியைக் காட்டினார். "இந்தத் தரையிலே விழற தண்ணி எங்கே போகுது தெரியுமா? இந்தக் குழிக்கு. மழைநீர் சேகரிப்புக் குழி. இதுக்குப் பக்கத்திலே என்ன இருக்கு? நம்ம போர்வெல். மேலே தொட்டிக்கு ஏறுற தண்ணி அங்கேருந்துதான் வருது. உங்க வண்டி விட்ட தண்ணியிலே 24 குடும்பமும் குளிக்கணுமா?"

2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதனால் சென்னையின் கிணறுகளில் நீர் ஊறியது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழி நல்ல தண்ணீரையும் கெட்ட தண்ணீரையும் பிரித்துப் பார்க்காது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பலகையைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அப்படியானால் அடுக்கு வீட்டுக்காரன் வண்டியைக் கவனிக்கவே முடியாதா?" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லலியே! பழுதுபார்க்கறதுதான் கூடாது, பார்க்கறது கூடும். ஒரு சொட்டுக் கீழே விழாத எந்த வேலையும் இங்கே செய்யலாம். சொட்டுற வேலையெல்லாம் பட்டறையிலே."

இதைவிடத் தெளிவான சட்டம் நான் கேட்டதில்லை.

குக்கரும் ரேடியேட்டரும்

அந்த ஞாயிறு முதல், பால் பாக்கெட் வரும் நேரத்தில் பத்து நிமிஷம் வண்டிக்கு என்று ஒதுக்கினேன். இரவு முழுவதும் நின்ற எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரம் அது. இந்தப் பார்வைக்கு அந்த நேரம்தான் உகந்தது. காவல்காரர் டார்ச் விளக்குப் பிடிப்பார்.

முதல் வேலை, அட்டை. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, சனிக்கிழமை இரவு வண்டியின் முன் பாகத்துக்கு அடியில் விரித்து வைப்பது. காலையில் அதில் கறை இருந்தால், கறைக்கு நேர் மேலே பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். தரையும் கெடாது. சில கறைகள் குளிரூட்டி விடும் வெறும் தண்ணீர். அது நிறமில்லாமல் உலர்ந்துவிடும். கறுப்பாகப் பிசுபிசுத்தால் எண்ணெய். பச்சையோ சிவப்போ நீலமோ தித்திப்பு வாடையுடன் இருந்தால் நம் ஆசாமிதான். என் அட்டையில் கறை விழுந்தது கீழ்க் குழாயின் பட்டைக்கு நேர் கீழே. அந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தும் இருந்தது.

இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் வெள்ளை நிறச் சேமிப்புப் பாட்டில். அதில் இரண்டு கோடுகள் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் திரவம் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டும். வாராவாரம் குறைந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் அல்ல.

மூன்றாவது, ரப்பர் குழாய்களை விரலால் அமுக்கிப் பார்ப்பது. கெட்டியாக, ஆனால் வளைந்துகொடுக்க வேண்டும். வெண்டைக்காய் முற்றினது போல் நறநறவென்றாலும், பழுத்த வாழைப்பழம் போல் அமுங்கினாலும் மாற்றவேண்டும். ஒரு எச்சரிக்கை: சூடான வண்டியில் எஞ்சினை நிறுத்திய பிறகும் மின்விசிறி தானாகச் சுழலக்கூடும். அதன் பக்கம் விரல் போகக் கூடாது.

நான்காவது, ரேடியேட்டரின் முகம். தேன்கூடு போன்ற அந்தத் தகடுகளின் வழியாகக் காற்று போனால்தான் சூடு இறங்கும். நெடுஞ்சாலைப் பூச்சிகளும் வேப்பிலைச் சருகும் என் வண்டியில் கம்பளி போர்த்தியது போல் அப்பியிருந்தன. மென்மையான பிரஷ்ஷை ஈரப்படுத்தி, தகடு மடியாமல் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். என் மனைவி மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பானும் இதற்கு உதவியது. காரியதரிசி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டும் அட்டையைத் தாண்டவில்லை.

ஐந்தாவதுதான் எனக்குப் பாடம் கற்பித்தது: ரேடியேட்டர் மூடி. அதைக் குளிர்ந்தபின் கழற்றிப் பார்த்தேன். அடியில் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். இராயப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் காட்டியதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், வீட்டிலே குக்கர் இருக்குதா? கேஸ்கட் போயிட்டா விசில் வருமா? பருப்பு வேகுமா? இதுவும் குக்கர்தான் சார்!"

எத்தனை எளிய விளக்கம்! பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டத்துக்குப் பயன்படுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் சூடாக இறங்குகிறது. அந்தத் தண்ணீர் கொதிக்காமல் இருக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பது அது தாங்கி நிற்கும் அழுத்தம். 0.9 என்றால் 118 டிகிரியை ஒட்டித்தான் தண்ணீர் கொதிக்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும். சமையலறைக் குக்கரிலும் நடப்பது இதேதான்.

மூடியின் ரப்பர் போனால் குக்கர் திறந்த பாத்திரமாகிவிடும். அதோடு மலை ஏறினால் இன்னொரு சங்கடம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. சுமார் 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். எஞ்சினோ ஏற்றத்தில்தான் அதிகச் சூடாகிறது. சூடு ஏற, கொதிநிலை இறங்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் என் மணிக்கட்டு போய் நின்றிருக்கிறது!

"ஜி.பி. ரோட்டிலே புதுசு வாங்கிக்குங்க" என்றார் பாய். "புதுப்பேட்டையிலே பழைய கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், ரப்பர் உள்ள சாமானை மட்டும் பழசு வாங்காதீங்க."

ஜி.பி. ரோடு என்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை அறியாத கார்க்காரர் சென்னையில் இருக்கமுடியாது. அண்ணா சாலைக்கு ஒதுக்குப்புறமாக, வாகன உதிரிச் சாமான்களுக்கென்றே அமைந்த தெரு. கடைகளில் கூரை முதல் தரை வரை சாமான்கள் தொங்குகின்றன. பழைய மூடியைக் கையில் கொண்டுபோனேன். அழுத்தத்தின் எண்ணும் கழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். எண் கூடினால் குழாய் வெடிக்கும், குறைந்தால் தண்ணீர் கொதிக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த அந்த மூடி இல்லாமல்தான் சென்ற வருஷம் ஓர் அக்காளும் தங்கையும் பார்க்காமல் போனார்கள்.

ஒழுகிய குழாய்ப் பட்டையை மாற்றுவதும், ரேடியேட்டரைக் கழுவி நிரப்புவதும் சொட்டுகிற வேலைகள். ஆகவே அவை பாயின் பட்டறையில் நடந்தன. உள்ளேயிருந்து வந்த தண்ணீர் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. பாய் அதைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்தார்.

"என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"வீட்டு போர்வெல் தண்ணிதான். ரொம்ப வருஷமா."

"உங்க வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளையா ஏடு படிஞ்சிருக்கும், பார்த்திருக்கீங்களா? அதேதான் இதுக்குள்ளேயும்."

சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். அது ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைத்துவிடும். இன்வர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீர்தான் இதற்கு ஏற்றது. அதுவும் வெறுமே ஊற்றினால் துரு பிடிக்கும். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. வண்டியின் கையேட்டில் எந்த ரகம், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று எழுதியிருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது; ஒரே நிறத்தில் வெவ்வேறு ரகங்கள் இருக்கின்றன. இரண்டு ரகத்தைக் கலக்கவும் கூடாது.

மலை ஏறினோம்

வைகாசி பிறந்ததும் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது; அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை உண்டு. ஆகவே வண்டிக்கு வேண்டிய உப்பு நீக்கிய தண்ணீரை, அம்மாவின் பெரிய எவர்சில்வர் தூக்கில் நிரப்பி, மூடியை இறுக்கி, அதன்மேல் "வண்டிக்கு" என்று காகிதம் ஒட்டினேன். ஒன்று கவனியுங்கள்: வெறும் தண்ணீர் என்பதால்தான் தூக்கில் எடுத்தேன். கூலன்டைச் சாப்பாட்டுப் பாத்திரத்திலோ குடிதண்ணீர்ப் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

"வண்டிக்குத் தூக்குத் தண்ணியா? நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள் அம்மா.

உளுந்தூர்ப்பேட்டை, சேலம், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு மணி நேரம் வண்டியை நிழலில் ஓய்வெடுக்க விட்டு, நாங்களும் சாப்பிட்டோம். பிறகு கல்லாறு. சென்ற வருஷம் நின்ற இடம் வந்தபோது யாரும் பேசவில்லை. என் மனைவி முள்ளையே பார்த்தாள். அம்மா பருப்புப் பொடி டப்பாவைப் பிடித்திருந்தாள். இந்த வருஷத்துப் பொடி.

குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்தோம். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் வண்டியை முக்க வைக்காமல், தாழ்ந்த கியரில் எஞ்சினைச் சுறுசுறுப்பாகச் சுழலவிட்டேன். எஞ்சின் சுழன்றால் தண்ணீர் இறைக்கும் பம்பும் சுழலும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இறங்கும் வண்டிகள் நமக்கு வழிவிட வேண்டும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை. முள் பாதியில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

ஜன்னல் வழியே பாக்கு மரங்களின் வாசனை போய், ஈரமண்ணும் இலையும் கலந்த வாசனை வந்தது. கீழே பள்ளத்தாக்கில் மேகம் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ நீராவி எஞ்சினின் ஊதல் கேட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது அந்த ரயில்லேதான் போவோம். அதுவே மலை ஏற முடியாம நடுவிலே நின்னு நின்னு தண்ணி குடிக்கும்டா! ஹில்குரோவ்லே நிக்கும், ரன்னிமேட்லே நிக்கும். அக்காவும் நானும் இறங்கி வேடிக்கை பார்ப்போம்."

அம்மா சொன்னது வாஸ்தவம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அந்த இருப்புப்பாதை 1899-இல் திறக்கப்பட்டது; 1908-இல் உதகை வரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பல் சக்கரம் கடித்து ஏறுகிறது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அப்பேர்ப்பட்ட ரயிலே வழியில் நின்று தண்ணீர் குடிக்கும்போது, நம் கார் குடிப்பதில் என்ன வெட்கம்?

பர்லியார் தாண்டி ஒரு வளைவில், ஓரமாக ஒரு கார் நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது, ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஓர் இளைஞர் தோளில் கிடந்த துண்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. துண்டு சுற்றும் அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு மணிக்கட்டு எரிந்தது.

"தொடாதீங்க, தம்பி!" என்று நான் போட்ட கூச்சலில், பாறை மேல் இருந்த குரங்குகள் ஓடிவிட்டன.

வண்டியை நிறுத்தி ஓடினேன். தழும்பைக் காட்டினேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. குழந்தைகளைத் தள்ளி நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்து, அந்த வண்டியிலிருந்த பாட்டியம்மாளுடன் சிநேகம் செய்துகொண்டுவிட்டாள். மேல் குழாயைத் தொட்டால் கை தாங்குகிறது என்று ஆனபின், துணி போட்டு மூடியைக் கால் திருகல் மட்டும் திருகி, உள்ளே அழுத்தம் அடங்கும் ஓசை நின்றபின் முழுதும் திறந்தோம். தூக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். சூடான எஞ்சினில் சில்லென்ற தண்ணீரை மளமளவென்று கொட்டினால் உலோகம் வெடித்துவிடும், எஞ்சினே போய்விடும்.

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

"ஊருக்குப் போனதும் இதை மாத்துங்க, தம்பி. இப்போ மேலே போகவேண்டாம், மெதுவா மேட்டுப்பாளையம் இறங்கிடுங்க" என்றேன். பின்ஸீட்டில் இருந்த பாட்டியம்மாளின் முகம் வாடியது. அந்த முகத்தை நான் சென்ற வருஷமே பார்த்திருக்கிறேன். ஆனால் வேறு வழியில்லை.

அக்காள் கேட்ட கேள்வி

குன்னூரில் பெரியம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தேயிலைச் சரிவுக்கு மேலே சின்ன ஓட்டு வீடு. அம்மா செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த பெரியம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெரியம்மா கேட்டாள்:

"பருப்புப் பொடியிலே பூண்டு போட்டியா?"

"போட்டேன்க்கா."

நானும் என் மனைவியும் மெதுவாக வெளியே வந்து, வாசலில் நின்ற காரைப் பார்த்தோம். பானெட்டைத் தொட்டேன், இதமான சூடு. தட்டிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

மூன்று நாள் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினோம். அந்த ஞாயிறு காலை வழக்கம்போல் அட்டையை இழுத்துப் பார்த்தேன். உலர்ந்து கிடந்தது. கறை இல்லை, ஆனால் காலடித் தடங்கள் இருந்தன. இரவில் பூனை குட்டிகளோடு அதன்மேல்தான் படுத்திருந்ததாம். "சார், அந்த அட்டையை எடுத்துராதீங்கன்னு பாப்பா சொல்லச் சொல்லிச்சு" என்றார் காவல்காரர்.

காரியதரிசியிடம் இதற்கு விதி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சொட்டாத எதுவும் இருக்கலாம்" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் மலையில் ஓர் அக்காளோ சமவெளியில் ஒரு தங்கையோ இருக்கலாம். அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்பது சில சமயம் ஒரு சிறு ரப்பர் வளையம்தான். நாளைக் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.